மயில்துத்தக் கல்லும் பதின்மூன்று மாதமும்

கரடிக்கல் தோட்டத்தில் ஒரு காரியம் தன்பாட்டில் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தால், அதில் நாலு பேர் கைவைத்தே தீரவேண்டும். அப்படி ஒரு சட்டத்தை யாரும் எழுதிவைக்கவில்லை. ஆனால் எழுதிவைத்த சட்டங்களைவிட அது ஒழுங்காக நடைமுறையில் இருந்தது. ஒரு மலையில் கொழுந்து நன்றாக வந்தால், அது தன்னால்தான் வந்தது என்று சொல்லக் கங்காணி வந்து நிற்பார். யார் வீட்டுப் பிள்ளையாவது நாலெழுத்துப் படித்தால், பெரிய கிளாக்கர் கூப்பிட்டு நாற்பது புத்திமதி சொல்லி அனுப்புவார். இப்பேர்ப்பட்ட தோட்டத்தில் ஒரு மனுஷன் பத்து வருஷம் ஒருத்தர் கையும் படாமல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்றால் நம்ப முடிகிறதா? நம்பத்தான் வேண்டும். அவர் பெயர் நல்லமுத்து. தேயிலைக்கு அடிக்கும் மருந்தைக் கலக்குவது அவர் வேலை. அந்த வேலை நடக்கும் மருந்துக் காம்பரா என்ற அறைப் பக்கம் போனால் மூக்கு எரியும், வேட்டி நீலமாகும். அதனால்தான் யாரும் போகவில்லை.

இலங்கை மலைநாட்டில், கொட்டகலைக் கடைத்தெருவிலிருந்து மூன்று மைல் மேலே ஏறினால் கரடிக்கல். அங்கே ஐந்தாம் நம்பர் லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில் 1913ஆம் ஆண்டு பிறந்தவர் நல்லமுத்து. பத்து வயதில் பெரட்டுக்கு, அதாவது விடியற்காலையில் பேர் கூப்பிட்டு வேலை கொடுக்கும் இடத்துக்கு, போய், புல்லு வெட்டி, தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டி, பேச்சியம்மாவைக் கட்டி, மூன்று பெண்களைப் பெற்று, ஒரு தோட்டத்து ஆள் செய்யவேண்டிய எல்லாவற்றையும் வரிசையாகச் செய்து முடித்த சமயத்தில் நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது. தேயிலைக்குக் கொப்புள நோய் வந்தது. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்து சேர்ந்தன. கொப்புள நோய்க்கு உடனே மருந்து வந்துவிட்டது. இங்கிலாந்திலிருந்து பீப்பாய் பீப்பாயாக மயில்துத்தத்தை இறக்கினார்கள். "நீ இந்த நாட்டுக்காரன்தானா, காட்டு பார்ப்போம்" என்று சுதந்திரத்தோடு கூடவே ஒரு நோய் வந்ததே, அதற்கு மட்டும் மருந்து வரவில்லை.

துத்தத்தை வெந்நீரில் கரைத்து, சுண்ணாம்புத் தண்ணீரோடு சேர்த்து, மருந்து அடிக்கிற ஆட்களுக்கு ஊற்றிக் கொடுக்கவேண்டும். ஒரு பொங்கலுக்கு மூன்று நாள் வேலை நின்றது. கரைத்து வைத்த துத்தத் தண்ணீர் மர வாளியில் அப்படியே கிடந்தது. நாலாம் நாள் வந்து பார்த்தால் வாளியின் அடியில் நீலக் கற்கள்! வெட்டி எடுத்தாற்போல் விளிம்பு, இழைத்தாற்போல் முகம். ஒவ்வொன்றும் ஒரு பக்கமாகச் சாய்த்துவிட்ட பெட்டி மாதிரி. யாரும் கொம்பு ஊதி எழுப்பாமல், யாரும் பேர் கூப்பிடாமல், தண்ணீருக்குள் கிடந்த துத்தம் தானாகவே வரிசையில் நின்று கல்லாகியிருந்தது.

"அட, இது என்னா கூத்து!" என்று நல்லமுத்து தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அதிலே ஒரு கல்லை மடியில் கட்டிக்கொண்டு லயத்துக்குப் போனார்.

அன்றிலிருந்து பிடித்தது பைத்தியம். முதலில் பேச்சியம்மாவின் அலுமினியச் சட்டியில் கல் வளர்த்துப் பார்த்தார். மூன்றே நாளில் சட்டி அடியில் ஓட்டை. பேச்சியம்மா போட்ட சத்தத்தில் லயமே வெளியே வந்து நின்றது. பிறகு ஒரு கண்ணாடி ஜாடி தேடிப் பிடித்தார். கல்லை நூலில் கட்டித் தொங்கவிட்டால், நூலின் பிசிர்களிலெல்லாம் குட்டிக் கற்கள் முளைத்தன. பிசிரில்லாத நூலுக்கு எங்கே போவது? பேச்சியம்மாவின் தலைமுடி நீளமாக, வழவழவென்று இருந்தது.

"சட்டியத்தான் தின்னீங்க, இப்ப மயிரையும் புடுங்குறீங்களா?" என்று கேட்டுக்கொண்டே அவள் சீப்பில் இருந்த முடியை எடுத்துக் கொடுத்தாள். நாலு நாள் கழித்துத் தானே வந்து, "அந்தக் கல்லு வளந்திச்சா?" என்றும் கேட்டாள்.

வளர்ந்தது. கூடவே நல்லமுத்துவின் புத்தியும் வளர்ந்தது. சூடான தண்ணீர் துத்தத்தை நிறையத் தாங்கும். ஆற ஆறத் தாங்கமாட்டாமல் வெளியே தள்ளும். தள்ளுவது கொஞ்சம் கொஞ்சமாக இருந்தால், ஒவ்வொரு பொடியும் கல்லின்மேல் தனக்குரிய இடத்தைத் தேடிப்போய் உட்காரும். அவசரப்படுத்தினால் விழுந்த இடத்தில் உட்காரும். நடுவிலே தண்ணீரையும் அடைத்துக்கொள்ளும். அந்தத் தண்ணீர் கல்லுக்குள்ளே வெள்ளை மேகமாக நிற்கும். தூசி விழுந்தால் ஒவ்வொரு தூசியும் ஒரு குட்டிக் கல்லைப் பெற்றுப் போடும். மத்தியான வெயிலில் தண்ணீர் சூடேறினால், வளர்ந்த கல்லே மூலை மழுங்கிக் கரையும். மறுபடி குளிர்ந்து வளரும்போது பழைய மழுங்கலின் மேல் ஒரு திரை விழுந்திருக்கும். இதற்காகவே ஒரு பழைய தேயிலைப் பெட்டியில் மரத்தூளை நிரப்பி, அதற்குள் ஜாடியைப் புதைத்து, மேலே பேச்சியம்மாவின் பழைய சேலைத் துண்டைக் கட்டிவைத்தார். பகலின் சூடும் இரவின் குளிரும் மரத்தூளைத் தாண்டி உள்ளே போவதற்குள் களைத்துப்போகும்.

ஒரு கல்லை உடைத்து வெளிச்சத்தில் பிடித்தால், அது வளர்ந்த கதை முழுவதையும் நல்லமுத்து சொல்லிவிடுவார். எந்தக் குறை எதனால் வந்தது என்று அவருக்கு அத்துபடி. குறைகளுக்குப் பெயரும் வைத்திருந்தார். மனுஷன் அங்கேதான் கொஞ்சம் வம்பை விலைக்கு வாங்கினார். பெரிய கல்லின் முதுகில் ஒட்டிக்கொண்டு, அதே தண்ணீரைக் குடித்து, பெரிய கல்லைவிடக் கொழுத்துப் போகும் குட்டிக் கல் ஒன்று உண்டு. அதற்குப் பெயர் 'கங்காணி'. அவசரமாக வளர்ந்து, வெளியே பளபளவென்றும் உள்ளே மேகமூட்டமாகவும் இருப்பதற்குப் பெயர் 'கிளாக்கர்'. ஒரு காரணமும் சொல்லாமல் திடீரென்று 'டிக்' என்று விழும் வெடிப்புக்குப் பெயர் 'தொரை'. இந்தப் பெயர்கள் பேச்சியம்மாவைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. அவள் பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும்போது நாலு பேரிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

இப்படியே போயிருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை. 1957 ஜனவரியில் நல்லமுத்துவுக்கு ஒரு கடிதம் வந்தது. பிரஜாவுரிமைக்கு அவர் 1951இல் போட்ட விண்ணப்பம் ஆறு வருஷம் தூங்கி எழுந்து, ஜூன் மாதம் விசாரணைக்கு வா என்று கூப்பிட்டது. இந்த விண்ணப்பத்தில் அவர் மட்டுமல்ல, பேச்சியம்மாவும் மூன்று பெண்களும் அடக்கம். வாசம் தொடர்ச்சியாக இருந்ததென்று செக்றோல் என்கிற தோட்டத்து ஆள் பதிவேட்டைப் பார்த்து எழுதிய கடிதம் ஒன்றைக் கையோடு கொண்டுவர வேண்டும். அந்தக் கடிதம் இல்லாவிட்டால் விண்ணப்பம் இல்லை. விண்ணப்பம் இல்லாவிட்டால், நாலு பேர் பார்த்தே இராத இந்தியாவுக்கு இந்த ஐந்து பேரையும் என்றைக்காவது கப்பலேற்றிவிடலாம்.

சங்கடம் என்னவென்றால், நல்லமுத்துவின் கணக்கில் ஒரு பதின்மூன்று மாதம் உதைத்தது. 1940இல் அக்காள் கல்யாணத்துக்கென்று இந்தியாவுக்குப் போனார். இரண்டு மாதத்தில் திரும்பவேண்டியது. ஆனால் அந்த நேரம் பார்த்து, தோட்டத்துக்கு ஆள் போகக்கூடாதென்று அந்தப் பக்கத்து அரசாங்கம் தடைபோட்டிருந்தது. அனுமதிச் சீட்டுக்காக அலைந்து அலைந்து திரும்பி வரும்போது பதின்மூன்று மாதம் ஆகிவிட்டது. சட்டமோ, பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே நின்றால் தொடர்ச்சி அறுந்தது என்கிறது. முப்பது நாள் வித்தியாசத்தில் ஒரு குடும்பம் தொங்கிக்கொண்டிருந்தது.

கடிதம் எழுதவேண்டியவர் பெரிய கிளாக்கர் றோலண்ட். கோட்டும் டையும் கட்டி, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போய், திங்கட்கிழமை தவறாமல் ஆட்களை வெளியே காக்கவைக்கிறவர். நல்லமுத்து மூன்று தடவை போய் ஆப்பீஸ் ஜன்னலுக்கு வெளியே நின்றார். நாலாம் தடவை றோலண்ட் தலையைத் தூக்கினார்.

"நாப்பதாம் வருஷத்துச் செக்றோலைக் கறையான் தின்னுட்டுது, தெரியுமா? கடவுள் உன் பக்கம்டா. ஒரு நாளும் வெளிய போகாம இருந்தான்னு சுத்தமா எழுதிரலாம்."

"இருக்கிறத இருக்கிற மாதிரியே எழுதிக் குடுத்திருங்கய்யா," என்றார் நல்லமுத்து. "ஏன் வர முடியலேன்னு நானே சொல்லிர்றேன்."

"அட மடையா! குறை தெரிஞ்சா தள்ளிருவாங்க. அவங்களுக்கு வேண்டியது சுத்தமான கடுதாசி." றோலண்ட் பேனாவை மூடினார். "அதெல்லாம் நான் பாத்துக்கிறேன். நீ ஒரு வேலை செய். அந்த நீலக் கல்லு ஒண்ணு, உள்ளங்கை அகலத்துக்கு, ஒரு பழுதும் இல்லாம, ஏப்ரல் மாசத்துக்குள்ள எனக்கு வேணும். நுவரெலியாவில பொருட்காட்சி நடக்குது. கொப்புள நோய் மருந்துன்னு நம்ம தோட்டம் ஒரு மேசை போடுது. தொரைகிட்ட நான் சொல்லிட்டேன். கல்லு வந்தா கடுதாசி வரும்."

கேட்டீர்களா வியாபாரத்தை? ஒரு குடும்பத்தின் நாடு ஒரு துத்தக் கல்லின் மூலையில் போய்த் தொங்கியது. நல்லமுத்து வேறென்ன சொல்வார்? "சரிங்கய்யா" என்றார்.

நல்ல விதைக்கல் ஒன்றைப் பொறுக்கி எடுத்து, முடியில் கட்டி, தண்ணீரை நாலு மடிப்புத் துணியில் வடித்து, மரத்தூளுக்குள் இறக்கினார். மூன்று வாரத்தில் கல் நெல்லிக்காய் அளவுக்கு வந்தது. ஒரு பொட்டு மாசு கிடையாது. அதைப் பார்த்துவிட்டு றோலண்ட் முகம் சுளித்தார்.

"என்னடா இது, நத்தை மாதிரி! இந்தக் குளிர்ல வெச்சா எப்பிடி வளரும்? தூக்கிட்டுப் போய் பெக்டரி மேல்மாடியில வை. கொழுந்து வாட்டுற சூட்டுல தண்ணி சடசடன்னு வத்தும், கல்லு சடசடன்னு ஏறும்."

"அவசரப்படுத்தக் கூடாதுங்கய்யா. உள்ளுக்குத் தண்ணி அடச்சிக்கிரும்."

"நீ எனக்குக் கெமிஸ்ட்ரி படிப்பிக்கிறியா?"

படிப்பிக்கவில்லை. தூக்கிக்கொண்டு போய் வைத்தார். ஜாடிச் சூடு ஏறியது, தண்ணீர் வற்றியது, கல் பத்தே நாளில் இரண்டு மடங்கானது. றோலண்ட் கைகளைத் தேய்த்துக்கொண்டார். நல்லமுத்து மட்டும் கல்லை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து பேச்சியம்மாவிடம், "உள்ளுக்குக் கிளாக்கர் வந்து குந்திட்டாருடி" என்றார்.

மேல்மாடிக்குக் கொண்டுபோனதில் இன்னொரு வினையும் வந்தது. மருந்துக் காம்பராவில் யார் கண்ணிலும் படாத கல், பெக்டரியில் எல்லோர் கண்ணிலும் பட்டது. செல்லசாமிக் கங்காணி வந்து பார்த்தார். அவருக்குத் தெரிந்தது மூன்று சங்கதி: இது நீலம், இது விஷம், இது தண்ணீருக்குள் தானாக உருவெடுத்தது. அது போதாதா? விஷத்தை உண்டு கழுத்து நீலமான பெருமான் கரடிக்கல் பெக்டரி மேல்மாடியில் சுயம்புவாக எழுந்தருளிவிட்டார் என்று அன்று பெரட்டிலேயே அறிவித்துவிட்டார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. நல்லமுத்து மலையிலிருந்து மருந்துத் தகரங்களோடு திரும்பி வரும்போது மேல்மாடியில் கூட்டம். கற்பூரப் புகை. ஜாடியின் கழுத்தில் பூமாலை. சேலைத் துண்டை எடுத்துவிட்டு, செல்லசாமிக் கங்காணி ஒரு பிடி திருநீற்றைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார்.

"ஐயோ, கங்காணியாரே! போட்டுறாதீங்க!" என்று நல்லமுத்து படியிலிருந்தே கத்தினார்.

"சாமி காரியத்துல சத்தம் போடாதப்பா," என்று சொல்லிவிட்டுக் கங்காணி அந்தப் பிடி முழுவதையும் ஜாடிக்குள் தூவினார். கூட்டம் அரோகரா போட்டது.

சனிக்கிழமை விடிந்து பார்த்தால் ஜாடியின் அடி முழுக்கப் பொடிக் கற்கள், ஆயிரம் இருக்கும். பெரிய கல்லின் முதுகில் ஒரு குட்டிக் கல், நல்ல வாட்டசாட்டமாக, கோணலாக முளைத்திருந்தது. பேச்சியம்மா இதைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தாள். கங்காணி தூவின திருநீற்றில் கங்காணியே முளைத்தார் என்றால் சிரிக்காமல் என்ன செய்வாள்? பிறகு கடிதம் ஞாபகம் வந்து, அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

நல்லமுத்து அந்தக் குட்டியை நகத்தால் நெம்பி எடுத்து, தழும்பை வெந்நீர்த் துணியால் ஒற்றி மழுக்கி, தண்ணீரை மறுபடி வடித்தார். வடித்துக்கொண்டிருக்கும்போதுதான் தோட்டத்தை நிர்வகிக்கும் பெரிய துரை வந்தார், கூடவே துரைசாணி. இங்கிலாந்தில் பள்ளிக்கூடத்தில் இந்த மாதிரி ஒன்றைப் பார்த்ததாகத் துரைசாணி சொன்னாள் போலிருக்கிறது. துரை சட்டைக் கையை மடித்துவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீருக்குள் கையைவிட்டுக் கல்லை எடுத்தார். கைக்குட்டையால் துடைத்தார். "நல்ல கல்லு! வெளிச்சம் வேணும்!" என்று வெளியே, மாசி மாதப் பனிக்காற்றில், ஏந்திக்கொண்டு போனார்.

டிக்.

"என்னா சத்தம்?" என்றார் துரை.

"ஒண்ணுமில்லீங்க தொரை," என்றார் றோலண்ட். நல்லமுத்து கண்ணை மூடிக்கொண்டார். நெஞ்சுக்குள்ளே எதுவோ சேர்ந்து வெடித்தது போலிருந்தது அவருக்கு. துரை கல்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கை நீலமாகிவிட்டதே என்று சோப்புக் கேட்டார்.

பொருட்காட்சிக்கு ஏழு வாரம் இருந்தது. புதிதாகத் தொடங்கினால் பாதி அளவுக்குக்கூட வராது. நல்லமுத்து ஒருவரையும் கேட்காமல் ஜாடியை மருந்துக் காம்பராவுக்கே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். மரத்தூளுக்குள் புதைத்தார். கதவில் 'விஷம்' என்று கரித்துண்டால் எழுதி, மண்டையோட்டுப் படமும் போட்டார். அந்த ஏழு வாரமும் அவர் பொறுத்திருந்த பொறுமை இருக்கிறதே, அது வேறு யாருக்கும் வராது. மேகத்தின் மேலும், தழும்பின் மேலும், வெடிப்பின் மேலும் கல் அடுக்கடுக்காக மூடிக்கொண்டு வளர்ந்தது. ஏப்ரலில் வெளியே எடுத்தபோது உள்ளங்கை அகலம், கூர்மையான விளிம்பு, ஆழமான நீலம். உள்ளே உற்றுப் பார்த்தால் மட்டும் நடந்ததெல்லாம் தெரியும்.

நுவரெலியாப் பொருட்காட்சியில் பச்சைப் பட்டுத் துணியின்மேல் கல்லை வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஓர் அட்டை: "மயில்துத்தப் படிகம். இலங்கையில் விளைந்தது. மேற்பார்வை: திரு. றோலண்ட், தலைமைக் கிளாக்கர்." துத்தம் போன வருஷம்தான் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்திறங்கியது. மூன்று மாதம் இந்த மண்ணில் ஒரு ஜாடிக்குள் கிடந்ததற்கு, ஒரு விசாரணையும் இல்லாமல், ஒரு கடிதமும் கேட்காமல், அதை இலங்கையில் விளைந்ததாக ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். அதைத் தூக்கிக்கொண்டு வந்த ஆள் மேசைக்குப் பின்னால் நின்றார். றோலண்டின் கோட்டுப் பையில் ஒரு நீள உறை எட்டிப் பார்த்தது. அது கல்லோடு சேர்த்துக் கொண்டுவந்த கடிதம். பரிசு அறிவித்ததும் தருவதாகச் சொல்லியிருந்தார்.

பரிசுக்குப் பார்க்க வந்தவர்களில் ஒருவர் யாழ்ப்பாணத்துப் பெரியவர். கொழும்பில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவராம். அவர் பையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துக் கல்லுக்குமேல் குனிந்தவர் நிமிரவே இல்லை.

"இதை ஆர் வளர்த்தது?" என்றார் கடைசியில்.

"என் மேற்பார்வையில சேர்," என்றார் றோலண்ட்.

"அப்பிடியெண்டால் சொல்லும். இஞ்ச நடுவில புகை மாதிரி ஒண்டு கிடக்கு. சூட்டில வைச்சு அவசரப்படுத்தியிருக்கினம். இதில தூசி விழுந்து ஒட்டினதை ஆரோ நோண்டி எடுத்திருக்கினம். இது வெடிப்பு, ஈரத்தோட குளிருக்குள்ள எடுத்திருக்கினம். இவ்வளவும் நடந்த பிறகு இதை மூடி இவ்வளவு வடிவாய் வளர்க்கிறதெண்டால் அது லேசுப்பட்ட வேலையில்லை. ஆர் இந்தக் குழப்படியெல்லாம் செய்தது?"

இப்போது பாருங்கள் நல்லமுத்துவின் நிலைமையை. நாற்பத்துநாலாவது வயதில், தன் கல்லைப் படிக்கத் தெரிந்த ஒரே ஒரு மனுஷன் முன்னால் நிற்கிறார். செய்தவர்களில் ஒருவர் பக்கத்தில் நிற்கிறார். இன்னொருவர், துரை, நாலடி தள்ளிச் சுருட்டுப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நாக்கு நுனிவரை வந்தது.

"எல்லாம் இந்த ஆளோட கவலையீனம் சேர்," என்றார் றோலண்ட். சொல்லிக்கொண்டே, தற்செயலாகப் போலக் கோட்டுப் பையைத் தொட்டுக்கொண்டார்.

"ஆமாங்க," என்றார் நல்லமுத்து. "நான்தாங்க. கை தவறிப் போச்சிங்க."

பெரியவர் கண்ணாடியைத் தாழ்த்தி அவரை ஒரு தரம் பார்த்தார். நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"இந்தக் குறையளுக்கு ஏதும் பேர் வைச்சிருக்கிறீரோ?"

"பேரெல்லாம் வைக்கலீங்க," என்று நல்லமுத்து அவசரமாகச் சொன்னார்.

இரண்டாம் பரிசு கிடைத்தது. வெள்ளிக் கிண்ணத்தை றோலண்ட் வாங்கினார். வாக்குத் தவறாத மனுஷன், அன்று பின்னேரமே உறையை நல்லமுத்து கையில் கொடுத்தார். "படிச்சுப் பாரு. ஒரு புள்ளி குறை இருந்தா என் பேரை மாத்திக்கிறேன்." உண்மைதான். 1923 முதல் இன்றுவரை ஒரு நாளும் இந்நாட்டை விட்டு அகலாமல் வசித்துவருகிறார் என்று, துரையின் கையெழுத்தோடு, முத்து முத்தாக எழுதியிருந்தது.

ஜூன் மாதம் விசாரணை. நல்லமுத்து வெளுத்த வேட்டி கட்டி, பேச்சியம்மாவையும் மூன்று பெண்களையும் கூட்டிக்கொண்டு போனார். உள்ளே அதிகாரி ஒருவர், பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர். அதிகாரி கடிதத்தை வாசித்தார். மறுபடி வாசித்தார். இழுப்பறையிலிருந்து ஒரு கடிதக் கட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு என்னவோ சொன்னார்.

"ஒங்க தோட்டத்திலேருந்து இது பதினோராவது கடிதமாம்," என்றார் மொழிபெயர்ப்பாளர். "பதினொண்ணுலயும் ஒரே வசனமாம். எல்லாருமே ஒரு நாளும் அகலாம இருந்தீங்களாம். மனுஷன் இப்பிடி இருப்பானா, ஒரு குறையுமே இல்லாம இருந்தா அது செஞ்ச கடிதம்னு அர்த்தம்னு ஐயா சொல்றாரு."

நல்லமுத்துவுக்கு ஒரு நிமிஷம் நெஞ்சு குளிர்ந்தே போயிற்று. அட, இவருக்கும் பார்க்கத் தெரிகிறதே! நுவரெலியாவில் கண்ட பெரியவரைப் போல இவரும் விஷயம் தெரிந்தவர்தான் என்று நினைத்தார். குறையைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்கு, அது எப்படி வந்தது என்று கேட்கவும் தெரிந்திருக்கும் என்று நம்பினார். நல்லமுத்து தன் வாழ்நாளில் செய்த பெரிய மடத்தனம் இதுதான்.

"ஐயா சொல்றது சரிங்க," என்று ஆரம்பித்தார். "நடுவுல ஒரு பதிமூணு மாசம் நான் இங்க இல்லீங்க. அக்கா கல்யாணத்துக்குப் போனேன். ரெண்டு மாசத்துல வரத்தான் இருந்தேன். அங்க ஆளு வுட மாட்டேன்னுட்டாங்க. நான் சும்மா இருக்கலீங்க, மண்டபம் முகாமுக்கும் ஊருக்குமா அலைஞ்சேன். இவ இங்கதான் இருந்தா, மூத்தது கைப்புள்ள. அந்தத் தடங்கல நான் செய்யலீங்க, வெளிய இருந்து வந்திச்சு. அதுக்கு முன்னாலயும் நான் இந்தத் தோட்டந்தான், பின்னாலயும் இந்தத் தோட்டந்தான். நடுவுல ஒரு கோடு வுழுந்ததுக்காக நான் ரெண்டு ஆளாயிருவேனாங்க?"

அவர் இவ்வளவு நீளமாக ஓர் ஆப்பீசில் பேசியதே இல்லை. மொழிபெயர்ப்பாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அதிகாரி பக்கம் திரும்பி, ஒரே ஒரு வசனம் சொன்னார்: பதின்மூன்று மாதம் என்று ஒப்புக்கொள்கிறார்.

அதிகாரி அதை எழுதிக்கொண்டார்.

செப்டம்பரில் பதில் வந்தது. மறுத்ததற்கு இரண்டு காரணம் போட்டிருந்தது. ஒன்று, தோட்டத்துக் கடிதம் நம்பத்தகுந்ததாக இல்லை. இரண்டு, விண்ணப்பதாரரே சொன்னபடி வாசத்தின் தொடர்ச்சி அறுந்திருக்கிறது. தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார்தான் வாசித்துக் காட்டினார். அவர் போனபிறகு பேச்சியம்மா லயத்துக் காம்பரா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"சுத்தமா எழுதிக் குடுத்தா நம்பல. நீங்க அழுக்கச் சொன்னா அத மட்டும் நம்பிட்டாங்களா? இது எந்த ஊரு ஞாயம்?" அவள் குரல் உடைந்தது. "நாளக்கி தலைமன்னாருக்குப் போ, கப்பல் ஏறுன்னு சொன்னா, இந்த மூணையும் கூட்டிக்கிட்டு நான் எந்த ஊருல போயி எறங்குவேன்? அங்க எனக்கு யாரத் தெரியும்?"

நல்லமுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். கண்ணீர் வந்தது, துடைக்கவில்லை. மூத்த பெண் வந்து இரண்டு பேரையும் உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

நவம்பரில் ஒரு காலை பெரட்டு முடிந்ததும் துரை ஆப்பீசுக்குக் கூப்பிட்டு அனுப்பினார். றோலண்ட் பக்கத்தில் பேரேட்டை விரித்துக்கொண்டு நின்றார். அலமாரிக்கு மேலே வெள்ளிக் கிண்ணம் இருந்தது.

"நல்லமுத்து! வார வருஷம் பெரிய கல்லு. முதல் பரிசு கல்லு. உள்ளுக்கு ஒண்ணும் இருக்கக் கூடாது. சுத்தம் கல்லு. முடியும்?"

"முடியுங்க தொரை," என்றார் நல்லமுத்து. "ஆனா சுத்தமா இருந்தா அது நெசக் கல்லுன்னு நம்ப மாட்டாங்க. குறை இருக்குன்னு நாமளே சொன்னா, வெளிய எடுத்துப் போடுன்னுருவாங்க. எது வேணும்னு தொரையே சொல்லிருங்க."

துரைக்கு ஒன்றும் புரியவில்லை. ஏதோ தமாஷ் என்று நினைத்துப் பெரிதாகச் சிரித்தார். றோலண்டுக்குப் புரிந்தது. அவர் பேரேட்டின் பக்கத்தைத் திருப்பினார். திருப்பிய பக்கம் வெறுமையாக இருந்தது, ஆனாலும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. ஏழாம் நம்பர் மலையில் கொப்புளம் கண்டிருப்பதாக ஆள் வந்து சொன்னான். இந்த நாட்டுத் தேயிலைக்கு மருந்து கலக்க இந்த நாட்டுப் பிரஜையாக இருக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் கேட்கவில்லை. ஆகவே நல்லமுத்து போய்ப் பீப்பாயைத் திறந்தார்.